கேரட் தோட்டத்துக்கு எந்த கேமரா? மலையில் தனியாகப் படம் எடுப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேத்தி பாலாடா பக்கம் ஒரு கேரட் தோட்டம். ஜனவரி மாதம், அதிகாலை மூன்றரை மணி. வரப்பில் இருந்த புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குந்தி, கேரட்டைப் பிடுங்கித் தழையை ஒடித்துக் குவித்துக்கொண்டே நகர்ந்தார்கள். எல்லார் நெற்றியிலும் ஹெட்லைட். மூட்டை கட்டி, மிஷினில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி ஏற்ற வேண்டும்; அதனால் யாரும் நிமிரவில்லை.

நான் புதிதாக வாங்கிய எல்இடி பேனலோடு போயிருந்தேன். ஸ்டாண்டில் மாட்டி முழு வெளிச்சத்தையும் அவர்கள் மேல் அடித்தேன். வரிசையின் முதலில் இருந்த அக்கா புறங்கையால் கண்ணை மறைத்தபடி, "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. கண்ணு கூசுது, கை எங்க போகுதுன்னே தெரியல" என்றார்.

ஆஃப் செய்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது: ஒருவர் நெற்றி விளக்கு பக்கத்தில் இருப்பவர் முகத்தைக் காட்டுகிறது, அவர் விளக்கு அடுத்தவர் கையைக் காட்டுகிறது. மூச்சு விடும்போதெல்லாம் ஆவி எழுந்து, அந்த ஒளியில் ஒரு நொடி நின்று கரைகிறது. என் ஆவணப்படத்தின் முதல் ஷாட் அதுதான். பேனல் அதற்குப் பிறகு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

குன்னூரில் இருந்துகொண்டு சின்னச் சின்னப் படங்கள் எடுக்கும் எனக்கு, கருவி வாங்குவதற்கான வரிசை அந்த இரவில்தான் பிடிபட்டது. எந்த இடம், எந்த ஆட்கள், எந்த வேலை என்று முதலில் முடிவாக வேண்டும். அந்த இடம் எதைக் கேட்கிறதோ அதை வாங்க வேண்டும். நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ முதல் படத்துக்குத் தயாராகிறவர்களுக்காக, நான் போய்வந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பத்து நாள் போனோடு போங்கள்

ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். படம் எடுக்கப் போகும் இடத்துக்குக் கையில் இருக்கும் போனை எடுத்துக்கொண்டு பத்து நாள் போங்கள். ஒரே நேரத்துக்குப் போகாமல் விடியலில் ஒரு நாள், உச்சி வெயிலில் ஒரு நாள், மேகம் இறங்கும் சாயங்காலத்தில் ஒரு நாள் என்று மாற்றிப் போங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச செயலி ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டின் பல மாடல்களுக்கும் இருக்கிறது. அதில் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்), ஐஎஸ்ஓ (வாங்கிய ஒளியை எவ்வளவு பெருக்குவது), வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) மூன்றையும் மாறாமல் பூட்டி வைத்து எடுத்துப் பழகலாம். இந்தப் பூட்டும் பழக்கம் பெரிய கேமராவுக்குப் போகும்போது அப்படியே கூட வரும்.

ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: இன்று எதை எடுக்க முடியவில்லை? ஏன்? என் நோட்டில் இருந்தவை இப்படி இருந்தன. "இருட்டில் முகம் புள்ளி புள்ளியாக இருக்கு." "மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்கல." "சரிவில் நிற்க முடியல, கை ஆடுது." "கை விறைச்சுப் போச்சு, தொடுதிரை வேலை செய்யல." இந்த நாலு வரிதான் என்னுடைய கடைப் பட்டியல். யூடியூப் விமர்சனங்களை மணிக்கணக்காகப் பார்த்து நான் போட்டிருந்த பழைய பட்டியலில் இதில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கேமரா பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) போகக் கூடாது என்பது என் கணக்கு. கால் பங்கு ஒலிக்கு. மீதியில் ஒரு லென்ஸ், வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் ஒரு நல்ல என்.டி. ஃபில்டர், கார்டு, பேட்டரி, ட்ரைபாட். கேமரா பழையதாகவே இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

தவணையில் வாங்க வேண்டாம் என்று கைகூப்பிச் சொல்வேன். மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது கல்யாண வீடியோ, ரிசார்ட் விளம்பரம் என்று வருவதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். படம் எடுக்க வாங்கிய கேமரா, தவணை கட்டுவதற்காக வேலை செய்யும். எனக்கு அப்படி ஒன்றரை வருடம் போனது. அந்த ஒன்றரை வருடத்தில் சொந்தமாக ஒரு ஷாட் எடுக்கவில்லை.

மூன்றாம் படி: கேமரா பாடி

மலையில் படம் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது 10-பிட் பதிவு இருக்கிறதா என்பது. 8-பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10-பிட்டில் 1024. சமவெளியில், வீட்டுக்குள் எடுக்கும் காட்சியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் கோத்தகிரி சரிவில் மேகம் இறங்குவதை எடுத்துப் பாருங்கள். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு, சாம்பலிலிருந்து தேயிலைப் பச்சைக்கு மெல்ல மெல்ல நிறம் மாறும். அதை 8-பிட்டில் லாக் முறையில் (பிறகு நிறம் திருத்துவதற்காகப் படத்தை வெளிறலாகப் பதியும் முறை) எடுத்து, எடிட்டிங்கில் கொஞ்சம் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) ஏற்றினால், மிஸ்ட் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டுப்பட்டு நிற்கும். அதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது. கேமரா 8-பிட்தான் என்றால் லாக்கை விட்டுவிட்டு, மாறுபாடு குறைந்த சாதாரண பிக்சர் புரொஃபைலில் எடுங்கள். பாதி பிரச்சினை தீரும்.

அடுத்தது இருட்டில் பார்க்கும் திறன். பல கேமராக்களுக்கு இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ இருக்கும். சோனி எஃப்எக்ஸ்30-க்கு லாக்கில் 800, 2500. லூமிக்ஸ் எஸ்5 மார்க் 2-க்கு 640, 4000. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-க்கு 400, 3200. இந்த எண்களில் நிற்கும்போது படம் சுத்தமாக இருக்கும். கேரட் தோட்டம் போன்ற இடத்தில் நான் நேராக உயர்ந்த அடிப்படைக்குப் போய்விடுவேன். 800-ல் எடுத்துவிட்டுப் பிறகு பிரகாசத்தை ஏற்றினால் நிழலெல்லாம் புள்ளி அள்ளும்.

மூன்றாவது ரோலிங் ஷட்டர். படத்தைப் பதியும் சென்சாரை வரி வரியாக வாசிப்பதற்கு நேரம் எடுக்கும் கேமராவில், ஓடும் வண்டியிலிருந்து எடுத்தால் சில்வர் ஓக் மரமெல்லாம் சாய்ந்து தெரியும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்துக்குள் உட்கார்ந்து கையில் பிடித்து எடுத்தால் படம் கூழாகும். சோனி ஏ6400, இசட்வி-இ10 இரண்டிலும் 4கே எடுக்கும்போது இது நன்றாகவே தெரியும். இரண்டிலும் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் சென்சார் நிலைப்படுத்தலும் கிடையாது, பதிவும் 8-பிட்தான். ஏற்கெனவே கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ட்ரைபாடில் வைத்து எடுத்தால் அழகாக வரும். புதிதாக வாங்குகிறவர் இன்னும் கொஞ்சம் தேடலாம்.

பழைய கேமரா வாங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது 2017-ல் வந்த லூமிக்ஸ் ஜிஎச்5. 4கே, 10-பிட், 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறை), நல்ல நிலைப்படுத்தல், ஈரத்தைத் தாங்கும் உடம்பு. ஆட்டோஃபோகஸ் நம்ப முடியாது, இருட்டில் சுமார்தான். 2018-ல் வந்த ஃபியூஜி எக்ஸ்-டி3 நிறத்துக்குப் பேர் போனது, 10-பிட் உண்டு. சென்சார் நிலைப்படுத்தல் இல்லை. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-யின் படம் மனதை அள்ளும். ஆனால் மழைக்குப் பாதுகாப்பு கிடையாது, உள் பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது, ஓடும் ஆளைத் தொடரும் ஆட்டோஃபோகஸும் இல்லை. ஒரு வீட்டுக்குள், ஒரு அறைக்குள் நடக்கும் கதைக்கு அதை எடுங்கள். தனியாளாக எஸ்டேட் ஏறி இறங்கும் வேலைக்கு வேண்டாம். கையில் பணம் இருந்தால் எஃப்எக்ஸ்30, எஸ்5 மார்க் 2 இரண்டில் எது கிடைத்தாலும் நீண்ட நாள் கூட வரும். இரண்டிலும் விசிறி இருக்கிறது, நீண்ட பேட்டியில் சூடாகி நின்றுபோகாது.

கடைசியாக எடை. கேமரா, லென்ஸ், மைக், இரண்டு பேட்டரி எல்லாவற்றையும் பையில் போட்டு சிம்ஸ் பூங்கா படிகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்தப் பட்டியல் தப்பு. களைத்துப்போனவர் கண்ணில் ஷாட் படாது.

நான்காம் படி: ஒரே ஒரு லென்ஸ்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி, இங்கேதான் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். முதல் படத்துக்கு ஒரே லென்ஸ் போதும், ஜூம் வேண்டாம். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் என்றால் 23 அல்லது 35 மி.மீ.; முழுச்சட்டம் (ஃபுல் ஃப்ரேம்) என்ற பெரிய சென்சார் என்றால் 35 அல்லது 50. ஒளி நுழையும் துளை எஃப்/1.8 அல்லது எஃப்/2 (எண் குறையக் குறையத் துளை பெரிது).

ஜூம் இருந்தால் நின்ற இடத்திலிருந்தே முகத்தை இழுத்துவிடலாம். அந்த முகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் பத்தடி தூரம் படத்தில் தெரியும். ஒரே லென்ஸ் இருந்தால் நடந்து போய்த்தான் ஆக வேண்டும். நடந்து போக வேண்டுமென்றால் அவர்களிடம் பேசியிருக்க வேண்டும், அவர்கள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். கேரட் தோட்டத்தில் அந்த அக்காவின் கையை நான் 35 மி.மீ.யில் எடுத்தேன். அவ்வளவு அருகில் போக எனக்கு மூன்று அதிகாலை தேவைப்பட்டது. முதல் நாள் ஷாட்டில் அவர் கேமராவைப் பார்க்கிறார். மூன்றாம் நாள் ஷாட்டில் நகத்துக்குள் மண் ஏறிய விரலை, விறைப்பு போக ஒருமுறை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொள்கிறார், விரல் மறுபடி மண்ணுக்குள் போகிறது. நான் அங்கே இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒரு மாதம் ஒரே லென்ஸில் வேலை செய்தால், கேமராவைக் கண்ணருகே வைப்பதற்கு முன்பே ஃப்ரேம் எங்கே முடியும் என்று தெரிய ஆரம்பிக்கும். அது தெரிந்த பிறகுதான் கற்பனை வேலை செய்யும் என்று நினைக்கிறேன். அதுவரை கவனமெல்லாம் கருவியில்தான் இருக்கும்.

பணம் குறைவாக இருந்தால் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் இருக்கின்றன. நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8, ரஷ்யாவின் ஹீலியோஸ் 44-2 இரண்டும் ஒரு அடாப்டரோடு எல்லா மிரர்லெஸ் கேமராவிலும் உட்காரும். ஃபோகஸ் கையால்தான். மலையில் அது குறையே கிடையாது. மிஸ்ட்டுக்குள் பிடிமானம் கிடைக்காமல் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். கையால் போட்டு, ஃபோகஸ் பீக்கிங்கை (தெளிவாக இருக்கும் விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதி) ஆன் செய்துவிட்டால் நிம்மதி.

ஐந்தாம் படி: வெளிச்சத்தைக் கட்டுவது

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த இரண்டும் ஒத்துப்போகும், டீக்கடை டியூப்லைட் துடிக்காது. 24 ஃப்ரேமில் எடுத்தாலும் ஷட்டர் 1/50-லேயே இருக்கட்டும்.

ஷட்டரைப் பூட்டியதும் வெயிலில் என்.டி. ஃபில்டர் இல்லாமல் வழி இல்லை. கணக்கு இது: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50 என்றால் துளை எஃப்/64 வரை போக வேண்டும். அப்படி ஒரு துளை உங்கள் லென்ஸில் இருக்காது. எஃப்/4-ல் எடுக்க வேண்டுமென்றால் எட்டு ஸ்டாப் வெட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் வெட்டினால் வெளிச்சம் பாதியாகும்). சுழற்றும் வேரியபிள் என்.டி. வாங்கினால் எத்தனை ஸ்டாப் என்று பார்த்து வாங்குங்கள். 2 முதல் 5 ஸ்டாப் மட்டும் வெட்டுவது மலை வெயிலுக்குப் பத்தாது. அகலமான லென்ஸில் மலிவான வேரியபிள் என்.டி.யைக் கடைசி வரை திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கருப்பு நிழல் விழும். கடையிலேயே ஜன்னல் பக்கம் திருப்பிச் சோதித்துவிடுங்கள்.

மிஸ்ட்டில் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரை நம்ப வேண்டாம். வெள்ளையைப் பார்த்தால் அதைச் சாம்பலாக்கத்தான் மீட்டர் பார்க்கும். ஒரு ஸ்டாப் ஏற்றி எடுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால், ஷாட்டின் நடுவில் மேகம் விலகும்போது நிறமே மாறிவிடும். 5600 கெல்வினில் பூட்டி வைத்துவிட்டால் மிஸ்ட்டின் நீலம் நீலமாகவே இருக்கும். மிஸ்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வர வேண்டும். எதிரே வரும் பிக்கப் வண்டியின் ஹெட்லைட், தெருவிளக்கு, கதவைத் திறந்த டீக்கடை எல்லாமே உங்கள் விளக்குகள். கேமரா மேல் மாட்டிய எல்இடி மிஸ்ட்டில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி அடிக்கும், படத்தில் வெள்ளைச் சுவர்தான் இருக்கும்.

ட்ரைபாட் பற்றிச் சுருக்கமாக: தேயிலைச் சரிவில் ஒரு கால் மேலே, இரண்டு கால் கீழே என்றுதான் நிற்கும். கால்களைத் தனித்தனியே விரிக்க முடிய வேண்டும், ட்ரைபாட் தலைக்குக் கீழே 75 மி.மீ. கிண்ணம் இருந்தால் நொடியில் மட்டம் பார்த்துவிடலாம். அது இல்லாதவர்கள் அரை கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் தைத்து எடுத்துப் போங்கள். பாறை, வேலிக்கல், மூட்டை எதன் மேலும் கேமரா அசையாமல் உட்காரும்.

ஆறாம் படி: காதுக்கு

கேரட் கழுவும் மிஷின் அருகே நின்றிருக்கிறீர்களா? டீசல் இன்ஜின் அதிரும், தண்ணீர் கொட்டும், டிரம்முக்குள் கேரட் உருண்டு இடிக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச முடியும். கேமராவின் மேல் வைத்த மைக்கில் அங்கே எடுத்த பேட்டி ஒரு வார்த்தைகூடப் பயன்படவில்லை.

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறேன். மிஷின் ஓடும்போது யாரையும் பேசச் சொல்வதில்லை, வேலையை மட்டும் எடுக்கிறேன். பேச்சைத் தனியே, டீ குடிக்கும் நேரத்தில், சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பதிவு செய்கிறேன், பெரும்பாலும் கேமரா இல்லாமலே. கேமரா இல்லாதபோது ஆட்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். படத்தில் வேலை செய்யும் கை, அதன் மேல் அந்தக் குரல். கழுவும் மிஷினின் சத்தத்தை மட்டும் தனியே ஐந்து நிமிடம் எடுத்து வைத்திருக்கிறேன். அது எங்கே ஏற வேண்டும், எங்கே சட்டென்று நிற்க வேண்டும் என்பதை எடிட்டிங்கில் முடிவு செய்ய முடிகிறது.

வாங்க வேண்டியவை குறைவுதான். சட்டையில் மாட்டும் ஒரு காலர் மைக், ஒரு சின்ன ரெக்கார்டர், மைக்குக்கு ரோமம் வைத்த உறை. மலைக்காற்றில் பஞ்சு உறை எதற்கும் உதவாது, டெட் கேட் என்று கேட்டு வாங்குங்கள். ரெக்கார்டர் 32-பிட் ஃப்ளோட் வகையாக இருந்தால் தனியாள் வேலைக்குப் பெரிய உபகாரம்: ஒலி அளவைத் தவறாக வைத்துவிட்டாலும், திடீரென்று யாராவது கத்திவிட்டாலும், பிறகு இறக்கிக்கொள்ளலாம். மைக் எவ்வளவு விலை என்பதைவிட எவ்வளவு அருகில் என்பது முக்கியம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், பின்னால் இருக்கும் சத்தம் அப்படியே இருக்கும்.

இடத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லி அந்த இடத்தின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். தகரக் கூரையில் மழை, தூரத்தில் எஸ்டேட் சங்கு, சில்வண்டு. எடிட்டிங்கில் வெட்டுகளுக்கு நடுவே இட்டு நிரப்ப இது வேண்டும்.

ஏழாம் படி: குளிர், ஈரம், பூஞ்சை

ஊட்டிக் குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும்போது, நாற்பது சதவீதம் காட்டிய பேட்டரி சட்டென்று அணைந்துபோகும். உதிரி பேட்டரிகளை ஸ்வெட்டருக்குள், உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள். அணைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் உள்ளே வைத்துச் சூடானதும் போட்டால் இன்னும் ஒரு பத்து நிமிடம் கொடுக்கும்.

அடுத்த தொல்லை, லென்ஸில் நீர் கோர்ப்பது. தேயிலை ஃபேக்டரிக்குள் முதல்முறை போனபோது பட்டேன். வெளியே நல்ல குளிர். உள்ளே இலை உலர்த்தும் டிரையர் ஓடும் அறை, சூடும் ஆவியும். கதவைத் தாண்டியதுமே லென்ஸின் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, திரை எல்லாம் வெள்ளையாகிவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. இப்போதெல்லாம் கேமராவை இறுக்கமாக மூடிய பைக்குள் வைத்தே உள்ளே கொண்டுபோகிறேன், அரை மணி நேரம் திறப்பதில்லை. அந்த அரை மணி நேரம் வீணாகவில்லை. இலை வாடப்போடும் தொட்டிகள் முதல் சலிக்கும் இடம் வரை சும்மா சுற்றி வருகிறேன், ஆட்களிடம் பேசுகிறேன், வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். பையைத் திறக்கும்போது முதல் ஷாட் எங்கே என்று முடிவாகியிருக்கும். குளிரில் எடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் இதே கதைதான். கீழே போனதும் பையைத் திறக்காதீர்கள்.

பூஞ்சைதான் மெதுவாகக் கொல்லும். லென்ஸுக்குள் சிலந்தி வலை போல இழை ஓடும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏதாவது ஒரு பருவமழை நம் மேல் இருக்கும். லெதர் உறையிலும் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியிலும் லென்ஸை மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது போல. டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. என்னிடம் இருப்பது காற்றுப் புகாமல் மூடும் ஒரு பெரிய சமையலறை டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான தீயில் வறுத்து மறுபடி போடுகிறேன். சமையலுக்கு அந்த வாணலியை எடுப்பதில்லை.

மழைக்கு, ரெயின்கோட் துணியை வாங்கிப் பக்கத்துத் தையல்காரரிடம் கேமரா அளவுக்கு ஒரு உறை தைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு மலையில் திரிய வேண்டாம், மாவட்டத்தில் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் காற்றில் அது படபடக்கும் சத்தம் மைக்கில் ஏறும். குடை பிடிக்க ஒரு நண்பர் கூட வந்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது.

மழைக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதே மாதங்களில் கோத்தகிரி பக்கம் பெரும்பாலும் மேகமூட்டத்தோடு நின்றுவிடும், அங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஷூட்டிங் தேதியை மாவட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், மலையின் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: எதை வாடகைக்கு எடுப்பது

தினமும் கையில் இருக்க வேண்டியதைச் சொந்தமாக வையுங்கள். ஒரு காட்சிக்கு மட்டும் வேண்டியதை, அதாவது நீண்ட டெலி லென்ஸ், ஜிம்பல் (நடக்கும்போது கேமராவை ஆடாமல் தாங்கும் கைப்பிடி), இரண்டாவது கேமரா போன்றவற்றை, கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு எடுங்கள். போய்வரும் நேரமும் வாடகைக் கணக்கில் ஏறும் என்பதால் மலையில் ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வண்டி வந்தால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம்; கொடைக்கானலுக்கும் அப்படியே.

ஒருமுறை வாடகைக்கு எடுத்த ஜூம் லென்ஸை மேலே கொண்டுவந்து மிஸ்ட்டை நோக்கித் திருப்பினேன். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல ஒரு மங்கல். மிஸ்ட்தான் என்று நினைத்து நாள் முழுக்க எடுத்துவிட்டேன். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சை. ஒரு நாள் வேலை, நாலு பேருடைய நேரம், எல்லாம் போயிற்று. இப்போது கடையை விட்டு வெளியே வரும் முன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்க்கிறேன். எஃப்/16-ல் வெள்ளைச் சுவரை எடுத்து சென்சார் தூசு பார்க்கிறேன். மைக் மாட்டி ஐந்து நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்கிறேன். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நான் அசைவதில்லை.

ஒன்பதாம் படி: கார்டும் நகலும்

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும். 400 என்றால் 180 ஜிபி. கார்டில் வி30, வி60, வி90 என்று போட்டிருப்பது ஒரு நொடிக்குக் குறைந்தது எத்தனை எம்பி (மெகாபைட்) எழுதும் என்பதற்கான உறுதி. கேமரா கேட்கும் அளவுக்கு வாங்கினால் போதும். பெரிய கார்டு ஒன்றைவிடச் சின்னது மூன்று நல்லது. அன்றன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள், ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு வீட்டில். மழைக்காலத்தில் கரன்ட் போகும் என்பதால் யுஎஸ்பி-சி வழியாக கேமராவுக்கே சார்ஜ் கொடுக்கும் பெரிய பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டுக்குள் எடுக்க வனத்துறையிடமும், ரயிலிலும் ஸ்டேஷனிலும் எடுக்க ரயில்வேயிடமும், அரசுப் பூங்காக்களில் தோட்டக்கலைத் துறையிடமும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். புலிகள் காப்பகத்தின் மேல் ட்ரோன் பறக்கவிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தோடர்களின் குடியிருப்பான மந்துக்கோ, படுகர்களின் ஊரான ஹட்டிக்கோ, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கோ கேமராவை முன்னால் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் வெறுங்கையோடு போங்கள்.

பத்தாம் படி: ஒரு ரோல் நாள்

ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு இடம் இருக்கிறது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் 'இந்து' என்ற பெயரில் நம் மலையிலிருந்து நாடு முழுக்கப் போயின. இன்று அது மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஃபிலிமில் எடுத்தவர்களை நினைத்துக்கொள்வேன். 400 அடி 16 மி.மீ. ரோல் ஓடுவது 11 நிமிடம். அந்த 11 நிமிடம் தீர்ந்தால் அடுத்த ரோலுக்குப் பணம் வேண்டும்.

எந்தப் பெரிய செலவுக்கும் முன்னால் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க, போனோ கடன் வாங்கிய கேமராவோ எதுவாக இருந்தாலும், மொத்தம் 11 நிமிடம் மட்டும் பதிவு செய்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் நேரத்தையும் நோட்டில் கழித்துக்கொண்டே வாருங்கள். எதையும் அழித்துவிட்டு மறுபடி எடுக்கக் கூடாது. காலையில் இரண்டு நிமிடம் கண்டதற்கெல்லாம் போய்விடும். பதினொரு மணிக்கு மேல் கேமராவை எடுப்பதற்கு முன் தயங்க ஆரம்பிப்பீர்கள். அந்தத் தயக்கத்தில்தான் எங்கே நிற்பது, எப்போது ஆரம்பிப்பது, எதில் முடிப்பது என்ற யோசனை வருகிறது. நான் முதலில் செய்த நாளில் கடைசி நாற்பது நொடியை மாலை வரை பிடித்து வைத்திருந்தேன். அரவங்காடு பக்கம் ஒரு பெரியவர் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக் கதவடைத்ததற்கு அதைக் கொடுத்தேன்.

ராத்திரி உட்கார்ந்து அந்த 11 நிமிடத்தைப் பாருங்கள், ஒலியோடு ஒருமுறை, ஒலி இல்லாமல் ஒருமுறை. எந்த ஷாட் மனதில் இருந்தபடி வரவில்லையோ அதற்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: இருட்டு, நடுக்கம், சத்தம், தூரம். எந்தக் காரணம் அதிகமுறை வந்திருக்கிறதோ, நாளைக்குக் கடைக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் விசாரியுங்கள்.